குழந்தைகளின் மனநோயும் சிகிச்சைக்கான வழியும்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், நெற்றியைத் தொட்ட மாத்திரத்தில் தாய் அதனை அறிந்துகொள்கிறாள். கால் ஒடிந்தால் அண்டை அயலார் அனைவரும் ஓடி வருகின்றனர். எங்கே கொண்டு செல்வது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று மாதங்களாக எவருடனும் பேசாதிருந்தாலும், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி உணவும் உறக்கமும் குறைந்து நாளுக்கு நாள் மெலிந்து வந்தாலும், அதனை நோயென்று கருதுவோர் சிலரே. அவ்வாறு கருதுவோரிலும், யாரிடம் போய்க் கேட்பது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே ஆவர்.

குழந்தைகளுக்கு உண்டாகும் மனநோய்களின் வகைகளை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நோயுற்ற குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு சிகிச்சையைத் தேடிப் புறப்படும் குடும்பம் வழியில் எந்தெந்த இடங்களில் தடைப்பட்டு நிற்கிறது என்பதையும், அவ்விடங்களில் ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்க உதவி யாது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

நோயின் பரப்பு

நம் நாட்டில் குழந்தைகளின் மனநலம் பற்றிய கவலை புதியதன்று. பம்பாயில் ஸர் தோராப்ஜி டாட்டா சமூக சேவைப் பள்ளியின் ஆதரவில் 1937ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பெற்றது. அதுவே 1974இல் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து, நிம்ஹான்ஸ் என்று வழங்கும் நிலையமாயிற்று. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் உறுப்பாக 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், இப்பொழுது 767 மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது.

இத்தனை முயற்சிகளுக்குப் பின்னும் தேவை மிகப் பெரிதாகவே உள்ளது. 2015-16ஆம் ஆண்டுகளில் நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால், இவ்வயதினரில் ஏறத்தாழ 98 லட்சம் பேருக்குச் சிகிச்சை அல்லது வேறு உதவி தேவைப்பட்டது. கிராமங்களில் நூற்றுக்கு 6.9 ஆக இருந்த இத்தொகை, பெருநகரங்களில் 13.5 ஆக இருந்தது. இளங்குழந்தைகளைப் பொறுத்தவரையில், ஐந்து இடங்களில் நடைபெற்று 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகள் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் இடத்துக்கு இடம் நூற்றுக்கு 6.5 முதல் 18.5 வரை காணப்பட்டன என்று தெரிவித்தது. ஆட்டிசம், வலிப்பு, கேள்விக் குறைபாடு, கற்றல் குறைபாடு முதலியன இவற்றுள் அடங்கும்.

ஐம்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறை ஒன்றில் உதவி தேவைப்படும் குழந்தைகள் மூவர் நால்வரேனும் இருத்தல் கூடும் என்பதே இக்கணக்குகளிலிருந்து ஆசிரியர் அறியத்தக்க செய்தி. வாழ்நாளில் தோன்றும் மனநோய்களுள் பாதியளவு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்பதும் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆகவே பள்ளிப் பருவத்தில் தவறவிடப்படும் நோய், பின்னர் வளர்ந்தோரின் நோயாக வந்து நிற்கிறது.

முதல் தடை: நோய் வேறு பெயரால் அழைக்கப்படுதல்

குழந்தையிடம் உண்டாகும் மாறுதலைப் பெற்றோர் காணாமலிருப்பதில்லை. பெரும்பாலும் தாயே முதலிற் காண்கிறாள். ஆனால் கண்ட மாறுதலுக்கு அவள் கேட்கும் பெயர்கள் வேறு. பாட்டி அதனைக் கண்ணேறு என்கிறாள். தந்தை பிடிவாதம் என்கிறார். பள்ளியில் சோம்பல் என்றும் குறும்பு என்றும் அதற்குப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு பரிகாரம் உண்டு. கண்ணேற்றுக்கு மந்திரிப்பு, பிடிவாதத்துக்கு அடி, சோம்பலுக்கு வகுப்பின் கடைசி வரிசை. இப்பரிகாரங்கள் எல்லாம் நிறைவேறி முடிவதற்குள் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மௌனமாக வருந்தும் குழந்தை இன்னும் எளிதில் மறைந்துபோகிறது. பிறரைத் தொல்லைப்படுத்தும் சிறுவனைப் பற்றி எல்லாரும் புகார் கூறுவர். அதனால் அவனுக்கு என்றேனும் ஒரு நாள் உதவி கிடைக்கலாம். ஒரு மூலையில் அமர்ந்து, கேட்டதற்கு மட்டும் விடை கூறும் சிறுமியை அடக்கமான பெண் என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். அவளுடைய துயரம் வெளியே தெரிந்தாலும், எதிர்காலத்தில் மணம் பேசுவதற்கு இடையூறாகுமென்று அஞ்சிக் குடும்பத்தார் அதனை மறைப்பதும் உண்டு.

இத்தடையை நீக்கச் சில அளவுகோல்கள் துணைசெய்யும். பன்னிரண்டு மாதக் குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்தல் வேண்டும். பதினாறு மாதத்தில் ஒற்றைச் சொற்களும், இருபத்து நான்கு மாதத்தில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதலும் வந்திருத்தல் வேண்டும். வராவிடில், தானாக வந்துவிடும் என்று காத்திராமல் காட்டிக் கேட்பது நலம். பள்ளிக் குழந்தையின் அமைதியின்மையும் கவனக் குறைவும் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே காணப்பட்டால், அது வெறுங் குறும்பாக இராது. நன்றாகப் படித்து வந்த பிள்ளை திடீரெனப் பின்னடைதல், விளையாட்டை வெறுத்தல், காரணமின்றி அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்று கூறுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவையும் கவனிக்கத்தக்க குறிகளே.

இக்குறிகளைக் கண்டவுடன் மனநோய் என்று முடிவு கட்டுதல் கூடாது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, இரத்த சோகை, தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, உறக்கமின்மை, பசி ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரவல்லன. ஆகவே உடலை முதலிற் சோதித்தல் முறையாகும்.

இரண்டாம் தடை: யாரிடம் செல்வது?

நோயென்று உணர்ந்த குடும்பம் அடுத்துக் கேட்கும் கேள்வி இது. நாட்டில் மனநோய் மருத்துவர்களின் தொகை, மக்கள் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 0.75 தான். இதுவும் எங்கும் ஒரே சீராக இல்லை. மேற்கூறிய தேசிய ஆய்வின் காலத்தில் கேரளத்தில் லட்சத்துக்கு 1.2 பேர் இருந்தனர். மத்தியப் பிரதேசத்தில் 0.05 பேரே இருந்தனர். அஃதாவது, அங்கு இருபது லட்சம் மக்களுக்கு ஒரு மருத்துவர். இவர்களிற் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்பவர்; வளர்ந்தோருக்குச் சிகிச்சை செய்வதிற் பயின்றவர். குழந்தைகளின் மனநோயைத் தனித் துறையாகக் கற்பிக்கும் உயர் பயிற்சி, நிம்ஹான்ஸ் போன்ற மிகச் சில நிலையங்களிலேயே உள்ளது.

அங்கும் மருத்துவர் ஒருவரால் மட்டும் பணி முடிவதில்லை. குழந்தையின் அறிவாற்றலை அளந்தறியும் உளவியலார், பேச்சுப் பயிற்சி அளிப்பவர், சிறப்பாசிரியர், குடும்பத்துடன் பேசும் சமூகப் பணியாளர் ஆகிய பலர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைக்கும் மாவட்டங்கள் மிகக் குறைவு. ஆகவே ஓரிடத்தில் சோதனையும், வேறோர் ஊரில் பயிற்சியும், மற்றோர் அலுவலகத்தில் சான்றிதழுமாகக் குடும்பம் அலைகிறது.

இந்த இடைவெளியில் இருவகை மனிதர் குடும்பத்தை எதிர்கொள்கின்றனர். ஒரு சாரார் கோவில், தர்கா முதலிய இடங்களிலும் கிராமத்திலும் நோய் தீர்ப்போர். இவர்களை இகழ்ந்து பேசுவதால் பயனில்லை. ஏனெனில் குடும்பம் நம்பிக்கையோடு முதலிற் செல்லுமிடம் அதுவே. குஜராத் மாநிலம் மேஹ்ஸாணா மாவட்டத்து உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில், மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்குமாறு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கு வரும் நோயாளிகளை, தர்காவின் பணியாளர்களே மனநோய் மருத்துவரிடமும் அனுப்பி வைத்தனர். பிரார்த்தனையை விடச் சொல்லாமல் சிகிச்சையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் இம்முறை, களப் பணியாளர் பின்பற்றத்தக்கது. ஆனால் குழந்தையைச் சங்கிலியிற் பிணைத்தல், பட்டினி போடுதல், சூடிடுதல் ஆகியவற்றை எவர் செய்யினும் தடுத்தல் வேண்டும். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

மற்றொரு சாரார், முழுக் குணத்தை உறுதி கூறிப் பெருந்தொகை கேட்போர். ஆட்டிசத்தை மூல உயிரணு ஊசியாற் போக்குவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி நிலத்தையும் நகையையும் விற்கும் பெற்றோர் உளர். இச்சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறிக் குழு 2022இல் தெரிவித்தது. ஆட்டிசத்தின் அடிப்படைக் குறைபாட்டை நீக்கும் மருந்து இன்று வரை இல்லை. இளவயதில் தொடங்கிப் பொறுமையுடன் அளிக்கும் பயிற்சியே பயன் தருகிறது. எனவே, போலிச் சிகிச்சையால் இழக்கும் பணத்தைக் காட்டிலும், அதனால் வீணாகும் ஆண்டுகளே பேரிழப்பாகும்.

மூன்றாம் தடை: தொலைவும் செலவும்

தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பதைக் காண, கற்பனையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் மேற்கெல்லையில், பீல் பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஜாபுவா மாவட்டத்தில் அவர்கள் இருப்பதாகக் கொள்வோம். எட்டு வயது மகன் ஓரிடத்தில் அமர்வதில்லை. சொன்னது காதில் ஏறுவதில்லை. இருமுறை கிணற்றடியில் தவறி விழுந்து காயமுற்றான். கிராமத்தில் நோய் தீர்க்கும் படவாவிடம் முதலில் அழைத்துச் செல்கின்றனர். பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மருந்து கிடைக்கிறது. மூன்றாவதாக, சந்தையில் கண்ட உறவினர் ஒருவர் இந்தோர் நகரத்து மருத்துவமனையைக் குறிப்பிடுகிறார்.

இந்தோர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடியற்காலையிற் புறப்பட்டால் நண்பகலுக்குள் மருத்துவமனையை அடையலாம். ஆனால் அன்றைய சீட்டு வழங்கும் நேரம் முடிந்திருக்கும். ஆகவே முதல் நாளே போய்த் தங்க வேண்டும். தாயும் தந்தையும் இரண்டு நாட் கூலியை இழக்கின்றனர். மற்றக் குழந்தைகளை அயலாரிடம் விட்டுச் செல்கின்றனர். பேருந்தில் ஓயாது துள்ளும் மகனைப் பிறர் ஏசுவதையும் பொறுத்துக்கொள்கின்றனர். மருத்துவர் சில நிமிடங்கள் பேசி, மருந்தெழுதி, பதினைந்து நாளில் மீண்டும் வருமாறு கூறுகிறார். அவர் பேசிய மொழி தாய்க்கு அரைகுறையாகவே விளங்குகிறது. அவர் எழுதிய மருந்தும் மனமயக்கப் பொருள்கள் பற்றிய சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாயின், உள்ளூர்க் கடையிற் கிடைப்பது அரிது.

மருத்துவருக்கு ஒன்றும் அளிக்க வேண்டாதபோதும், செலவு இல்லாமலில்லை. சிகிச்சைக்கும் பயணத்துக்குமாகக் குடும்பங்கள் கையிலிருந்து மாதந்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டன என்று தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நாட்கூலிக் குடும்பத்துக்கு இது ஒரு வாரத்து உணவு. இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. 2018 முதல் நடைபெறும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையிற் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. குழந்தைகளின் மனநோய்க்கோ, பெரும்பாலும் மருத்துவமனையிற் சேர்த்தல் வேண்டுவதில்லை. பல முறை சென்று வருதலே வேண்டுவது. ஆகவே காப்பீட்டு அட்டை கையில் இருந்தும், பேருந்துக் கட்டணத்துக்கு அது உதவுவதில்லை.

நான்காம் தடை: தொடர்ந்து செல்ல இயலாமை

மேற்கூறிய தடைகளை எல்லாம் கடந்து ஒருமுறை மருத்துவரைக் கண்டுவிட்ட குடும்பம், இரண்டாம் முறை செல்லாமல் நின்றுவிடுவதே இத்துறையில் மிகுந்த கவலைக்குரிய செய்தியாகும். மலேரியாக் காய்ச்சல் சில நாள் மருந்தில் தணிகிறது. குடும்பத்துக்கு மருந்தில் நம்பிக்கை பிறக்கிறது. மனநோய்ச் சிகிச்சையின் பயன் அவ்வாறு உடனே தெரிவதன்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் அளவு கடந்த அமைதியின்மைக்கு மருந்தைக் காட்டிலும் பெற்றோருக்கு அளிக்கும் பயிற்சியே முதலில் வேண்டுவது. வளரிளம் பருவத்து மனச்சோர்வில், பல அமர்வுகளாக நடக்கும் உரையாடலே சிகிச்சையின் முக்கிய பகுதி. வெறும் பேச்சைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பெற்றோர் சலித்துக்கொள்வது இயல்பே. இதனை முன்கூட்டியே விளக்கிச் சொல்பவர் இருந்தால் சலிப்புக் குறையும்.

ஜாபுவாவின் குடும்பம் அறுவடைக்குப் பின் குஜராத்தின் கட்டட வேலைகளுக்குச் செல்வதாகக் கொள்வோம். அம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் பல குடும்பங்கள் அவ்வாறே செல்கின்றன. அப்பொழுது பள்ளியும் மருந்தும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. திரும்பி வரும்போது சீட்டுத் தொலைந்திருக்கும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பலர் தொடங்குவதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அக்குழந்தை வந்து சென்றதாகவே இருக்கும். உண்மையிலோ அதற்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

சட்டமும் திட்டங்களும்

இத்தடைகளைக் குறைப்பதற்கெனச் சட்டங்களும் திட்டங்களும் உள்ளன. அவற்றைக் குடும்பம் அறியாதிருப்பதும் ஒரு தடையே ஆதலால், முக்கியமானவற்றை இங்குக் கூறுவோம்.

2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசாங்கத்தின் மனநலச் சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று கூறுகிறது. குழந்தைகளுக்கான மனநலப் பணிகளும் அவ்வுரிமையுள் அடங்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசாங்க நிலையங்களில் சிகிச்சை இலவசம். பிள்ளையை மருத்துவமனையில் அடைத்துவிடுவார்களோ என்று அஞ்சும் பெற்றோருக்கு இச்சட்டத்தைக் காட்டித் தெளிவு கூறலாம். பதினெட்டு வயது நிறையாதவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு முன் இரு வல்லுநர் தனித்தனியே சோதித்தல் வேண்டும். வளர்ந்தோரிடமிருந்து பிரித்தே தங்கவைத்தல் வேண்டும். பெற்றோரோ, அவர்கள் நியமிக்கும் உதவியாளரோ முழு நேரமும் உடனிருப்பர்.

பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைச் சோதிப்பதற்காக 2013இல் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய திட்டம் தொடங்கப்பட்டது. அதன் நடமாடும் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருதல் விதி. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள், மாவட்ட இளவயது இடையீட்டு நிலையத்துக்கு அனுப்பப்படுவர். 10 முதல் 19 வயதினருக்கென 2014இல் ஏற்பட்ட வளரிளம் பருவத்தினர் திட்டத்தில் மனநலமும் ஓர் உறுப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மனநோய் ஆகியவை அவற்றுட் சில. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. மருத்துவமனையிற் சேராமல் பெறும் பயிற்சிகளுக்கும் இது பயன்படுவது குறிப்பிடத்தக்கது.

2022 அக்டோபர் 10ஆம் நாள் முதல் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி இயங்கி வருகிறது. 14416 என்ற எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் விடை கிடைக்கும். ஆபத்திலுள்ள குழந்தைக்கு 1098 என்ற எண் உதவும். இவ்விரு எண்களையும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

ஐயம் தோன்றிய குழந்தையைப் பற்றி இரண்டு வாரக் காலம் சிறு குறிப்பு எழுதி வருக. எந்த நாளில், எந்த வேளையில், என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதினாற் போதும். காரணம் கற்பிக்க வேண்டுவதில்லை. மருத்துவர் சில நிமிடங்களிற் காணாததை இக்குறிப்பு அவருக்குக் காட்டும். மாற்றுத் திறன் பற்றிய ஐயங்களுக்கு, தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழு 2022இல் வெளியிட்ட பிரஷஸ்த் என்னும் வினாப் பட்டியலும் துணையாகும்.

பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுக. குழந்தையிடம் உள்ள நல்லியல்பு ஒன்றைக் கூறிப் பேச்சைத் தொடங்கினால், அவர்கள் குற்றம் சாட்டப்பட்டதாக எண்ணார். நோயின் பெயரைக் கூறுதல் ஆசிரியரின் பணியன்று. கண்டதைக் கூறி, காட்ட வேண்டிய இடத்தைக் கூறுவதே அவர் பணி. குழந்தையை அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தடுத்துள்ளது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்குதலும் கூடாது.

2022ஆம் ஆண்டில் நாட்டில் 13,044 மாணவர் தற்கொலையால் இறந்தனர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டு நிலையம் தெரிவித்தது. வாழ விருப்பமில்லை என்று பிள்ளை ஒருவன் கூறினால் அதனை விளையாட்டாகக் கொள்ளற்க. சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரே, அன்போடு கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மனச் சுமை இறங்கவே வழி உண்டாகும். அன்று அப்பிள்ளையைத் தனியே விடாமல் வீட்டாரிடம் சேர்ப்பித்து, வீட்டில் உள்ள பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கச் சொல்லி, உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும்.

திடீர் மாறுதலுக்குப் பின்னே பாலியல் கொடுமை இருப்பதும் உண்டு. அதனை அறிந்தவர் போலீஸாரிடம் தெரிவித்தல், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமையாகும். தெரிவிக்காமை குற்றம்.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

ஆஷா, அங்கன்வாடி ஊழியர், செவிலியர் ஆகியோரின் வலிமை, வீட்டுக்குள் சென்று பேசும் உரிமையே ஆகும். மாவட்ட மருத்துவமனையில் மனநோய் மருத்துவர் எந்த நாளில், எத்தனை மணி வரை இருப்பார் என்பதை முன்னரே விசாரித்து வைத்திருத்தல் வேண்டும். வீண் பயணம் ஒன்று நேர்ந்தால், குடும்பம் மறுமுறை புறப்படாது. இயலுமாயின் முதல் முறை உடன் செல்க. மருத்துவர் கூறியதைத் தாயின் மொழியில் எடுத்துரைத்து, அவள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லக் கேட்டறிக.

மருந்து தொடங்கிய பின், அதனைத் தாமாக நிறுத்தலாகாது என்பதைப் பெற்றோருக்கு வற்புறுத்துக. சிறிது குணம் கண்டவுடனும், சிறிது மந்தம் கண்டவுடனும் நிறுத்துவதே வழக்கம். வேலைக்காக வெளியூர் செல்லும் குடும்பத்துக்கு, மருந்துச் சீட்டின் படியையும், போதிய மருந்தையும், 14416 என்ற எண்ணையும் கொடுத்தனுப்புக. தந்தையின் இசைவின்றித் தாய் குழந்தையை அழைத்துச் செல்ல இயலாத வீடுகளில், தந்தை வீட்டிலிருக்கும் மாலை வேளையிற் சென்று பேசுவது பயன் தரும். ஆண்டுக்கணக்கில் குழந்தையைப் பேணும் தாயே மனம் சோர்ந்திருத்தலும் கூடும். அவளுடைய உறக்கத்தையும் உணவையும் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டு வருதல், குழந்தைக்கும் செய்யும் சிகிச்சையே ஆகும்.

இரண்டாம் முறை

மருத்துவர்களின் தொகை சில ஆண்டுகளிற் பெருகிவிடக் கூடியதன்று. இந்தோர் ஜாபுவாவுக்கு அருகில் வந்துவிடப் போவதுமில்லை. ஆனால் நோய்க்குறி தோன்றிய நாளுக்கும் தக்க சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையே கழியும் காலத்தைக் குறைக்க, மேலும் மருத்துவர் வரும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அக்காலத்திற் பெரும்பகுதி மருத்துவமனை வாயிலில் கழிவதன்று. வீட்டிலும் வகுப்பறையிலும், வழி தெரியாத சாலைகளிலும் கழிவது. அவ்விடங்களில் உள்ளவர் ஆசிரியரும் களப் பணியாளருமே.

இப்பொழுது நம் பதிவேடுகளில், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியவுடன் வேலை முடிந்ததாகக் கொள்கிறோம். அப்பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டங்களை வரைந்துகொள்ளுமாறு இக்கட்டுரையைப் படிப்போரை வேண்டுகிறோம். முதலாவது, குழந்தை மருத்துவரிடம் சேர்ந்த நாள். இரண்டாவது, அதே குழந்தை மறுமுறை சென்று வந்த நாள். இரண்டாம் கட்டம் வெறுமையாக இருக்குமாயின், அந்த வாரமே அவ்வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டறிதல் வேண்டும். கூலியோ, பேருந்தோ, மருந்துக் கடையோ, அண்டை வீட்டாரின் பேச்சோ, காரணம் எதுவாயினும், கேட்பவர் ஒருவர் இருந்தால் அதற்கு வழி காண்பது பெரும்பாலும் இயலக்கூடியதே.